யானைக்கு மதம் பிடிக்க வைக்கப் போய்

ஒரு கணினி விளையாட்டில் யானைக்கு ஒரே ஒரு திறனைச் சேர்க்க வேண்டும் என்று ஏழு மாதமும் 33,500 ரூபாயும் செலவழித்தேன். அந்தத் திறன் இன்றைக்கு அந்த ஆட்டத்தில் இல்லை. இதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. போன வாரம் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, எந்தப் படைக்கு என்ன மாற்றம் வேண்டும் என்று எழுதி என்னிடம் கருத்துக் கேட்டு அனுப்பியிருந்தான். முப்பது பக்கம். முதல் பக்கத்தில் வரலாறு, இரண்டாம் பக்கத்திலும் வரலாறு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் நடந்த அதே பாதை. அவனுக்குத் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது இப்படி நீண்டுவிட்டது. சரி, எல்லோருக்குமாகவே இருக்கட்டும்.

ஆட்டம் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. ஊர் கட்டி, படை வாங்கி, எதிரியோடு மோதும் ஆட்டம். 1999-இல் வந்தது. நான் அதை முதலில் ஆடியது பள்ளி நாட்களில், பிரவுசிங் சென்டரில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்து. 2019-இல் அதைப் புதுப்பித்த டெஃபினிட்டிவ் எடிஷன் வந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டது. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பு வந்த இரவை நான் மறக்க மாட்டேன். திராவிடர் என்று ஒரு தரப்பு. கோட்டையில், உருமி என்ற வளையும் வாளைச் சுழற்றும் வீரன். துறைமுகத்தில் திரிசடை என்ற போர்க்கப்பல். எதிரியின் கவசத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் வெட்ட வைக்கும் 'வூட்ஸ் எஃகு' என்ற மேம்பாடு. ராஜேந்திர சோழனுக்குத் தனியாக ஒரு கேம்பெய்ன், அதாவது அவர் கதையைச் சொல்லும் ஆட்டத் தொடர். நான் வேலை பார்ப்பது திருப்பூரில். பழைய இரும்பு, எஃகு உலைகளை அகழாய்வில் கண்டெடுத்த கொடுமணல் இங்கிருந்து பைக்கில் போய்வரும் தூரம்தான். நம் மண்ணில் உருக்கிய எஃகு, உலகம் முழுக்க ஆடும் ஒரு ஆட்டத்தில் ஒரு பொத்தானாக இருக்கிறது என்று பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்துக்குள்ளேதான் ஒரு குறையும் வந்து உட்கார்ந்தது. யானை. ஆட்டத்தில் யானை என்பது மெதுவாக நடக்கிற, நிறைய அடி தாங்குகிற ஒரு பெரிய குதிரை மாதிரிதான் இருந்தது. கடைசி மூச்சு வரை சொன்னபடி கேட்கும், பிறகு சாயும். உண்மையான யானை அப்படியா? கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸின் யானைகள், காயம் பட்டதும் சொந்தக் காலாட்களையே மிதித்தன. கி.மு. 207-இல் இத்தாலியின் மெட்டாரஸ் ஆற்றங்கரைப் போரில், மதம் பிடித்துத் திரும்பும் யானையைக் கொல்வதற்காகவே கார்த்தேஜ் படையின் பாகர்கள் கையில் உளியும் சுத்தியலும் வைத்திருந்தார்கள். ஆயிரம் யானையைப் போரில் வென்றவனைப் பாடுவதுதான் பரணி என்று நம் இலக்கணமே சொல்கிறது. யானையை வெல்வது அத்தனை பெரிய காரியம் என்றால், அந்தப் பயம் ஆட்டத்தில் எங்கே? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

அப்போது, இந்த ஆட்டத்துக்குத் தென்னிந்தியப் போர்களை மையமாக வைத்து ஒரு மாட் (mod, மூல ஆட்டத்தின் கோப்புகளை மாற்றி ரசிகர்கள் செய்யும் பதிப்பு) செய்யும் சிறு குழுவைத் தெரிந்துகொண்டேன். ஐந்து பேர். எல்லோரும் வேலை முடிந்த நேரத்தில் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள். சென்னையில் இரண்டு பேர், கோலாலம்பூர் பக்கம் கிள்ளானில் ஒருவர், மற்ற இருவர் வெளிநாட்டினர். யோசனை இருந்தால் எழுதுங்கள் என்றார்கள். நான் இரண்டு மாதம் உட்கார்ந்து 41 பக்கம் எழுதினேன். 23 மாற்றங்கள். யானைக்கு மதம், உருமிக்குச் சுழற்சி, வில்லாளிக்கு மழைக்காலத்தில் குறைந்த தூரம், இன்னும் என்னென்னவோ. படங்கள், வரைபடங்கள், கல்வெட்டுக் குறிப்புகள் எல்லாம் வைத்து அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துக் குழுவின் தலைவர் ஒரே வரியில் பதில் போட்டார். "ப்ரோ, ரொம்ப உழைச்சிருக்கீங்க. இதுல ஒண்ணே ஒண்ணு செய்யலாம்னா எதைச் செய்யணும், ஏன்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கோபம்தான் வந்தது. அவர் படிக்கவே இல்லை என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. 23 மாற்றம் எழுதினால் அதில் ஒவ்வொன்றும் மற்ற 22-ஐயும் தொடும். உருமியின் பலத்தைக் கூட்டி, அதே நேரத்தில் யானையின் விலையையும் மாற்றினால், ஆட்டம் நன்றாக வந்தாலும் கெட்டுப்போனாலும் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. யோசனை சொல்ல நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் நோட்டில் நூறு இருக்கட்டும், வெளியே ஒன்றை மட்டும் எடுங்கள். அதையும் வரலாற்றிலிருந்து தொடங்காதீர்கள். ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கு இப்போது என்ன சங்கடம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். "யானைக்கு மதம் பிடிக்கும் என்பது வரலாறு" என்று நான் எழுதியிருந்தேன். "இந்த மாடில் யானையை யாரும் வாங்குவதில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் திருத்தக்கூடிய ஒன்றைச் சொல்கிறது.

கோபத்தில் நான் யானையின் மதத்தையே தேர்ந்தெடுத்தேன். யானையின் உயிர் முப்பது சதவீதத்துக்குக் கீழே போனால், அது ஆடுகிறவனின் கட்டுப்பாட்டை விட்டு ஓடி, எதிரே வருவதையெல்லாம் மிதிக்க வேண்டும். எழுதி அனுப்பிய கையோடு, பதிலுக்குக் காத்திருக்காமல், ஒரு ஓவியரிடம் 18,000 ரூபாய் கொடுத்து, துதிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடும் யானையின் அசைவுப் படங்களைச் செய்யச் சொன்னேன். இந்த ஆட்டத்தில் ஒரு அசைவு என்றால் பல கோணங்கள், ஒவ்வொரு கோணத்துக்கும் பல படங்கள். அவர் மூன்று வாரம் ராப்பகலாக வேலை செய்து அழகாகக் கொடுத்தார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. படங்கள் வந்த மறுநாள், குழுவில் தரவுக் கோப்பை, அதாவது படைகளின் எண்களும் திறன்களும் இருக்கும் கோப்பைக் கையாளும் கிள்ளான்காரர் விளக்கினார். உயிர் இவ்வளவு குறைந்ததும் கட்டுப்பாட்டை விட்டுப் போவது மாதிரி ஒரு நடத்தையை எங்கள் கையில் இருக்கும் கருவியால் எழுத முடியாது. எண்களை மாற்றலாம், ஏற்கெனவே இருக்கும் திறனை ஒரு படையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம், புதிதாக ஒரு புத்தியைக் கொடுக்க முடியாது. ஆட்டத்தில் பல்கேரியர் தரப்பின் கொன்னிக் குதிரைவீரன் செத்ததும் கீழே இறங்கிய வீரனாக மாறுகிறான் அல்லவா, அந்த வழியைப் பயன்படுத்தி, யானை சாயும்போது சுற்றியிருக்கிற எல்லோருக்கும், நம் ஆள் எதிரி ஆள் என்ற வித்தியாசம் இல்லாமல், ஆளுக்கு 25 உயிர் குறையும்படி செய்து தருகிறேன் என்றார். மாங்கனல் என்ற கல்லெறி பொறி வீசும் கல் நம் ஆட்களையும் நசுக்கும் இல்லையா, அது மாதிரி. ஓடும் யானை இல்லை. ஓவியரின் படங்களுக்கு வேலையே இல்லாமல் போனது. அந்தக் கோப்பு இன்னும் என் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. திறந்து பார்க்க மனம் வருவதில்லை.

அதனால், எந்த ஆட்டத்துக்கு யோசனை சொன்னாலும், அந்த ஆட்டத்துக்குள் ஏற்கெனவே என்னென்ன திறன்கள் இருக்கின்றன என்று முதலில் ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். சாய்ந்ததும் வேறொன்றாக மாறுவது, முதல் அடி மட்டும் பலமாக விழுவது, பக்கத்தில் நிற்கும் ஆட்களுக்கு வேகம் கொடுப்பது, தானாக உயிர் ஏறுவது என்று இருப்பவற்றிலிருந்து எடுத்துக் கேட்டால், செய்கிறவர் ஒரு மாலையில் செய்து காட்டுவார். இல்லாததைக் கேட்டால் அது கனவாகவே நின்றுவிடும். இன்னொன்று, மாற்றம் உறுதியாகும் வரை படத்துக்கும் ஒலிக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். பழைய படத்தையே வைத்துச் சோதியுங்கள்.

எண்களைப் பற்றியும் எனக்குச் சரியான புரிதல் இருக்கவில்லை. "சும்மா ஒண்ணு கூட்டினா என்ன ஆகப்போகுது" என்று நினைக்கிற ஆள் நான். இந்த ஆட்டத்தில் அடி என்பது தாக்குதல் எண்ணிலிருந்து கவச எண்ணைக் கழித்தால் வருவது, எவ்வளவு குறைந்தாலும் ஒன்று. மேம்பாடு எதுவும் செய்யாத வில்லாளியின் தாக்குதல் 4. குதிரைவீரன் நைட்டுக்கு அம்பைத் தடுக்கும் கவசம் 2, உயிர் 100. ஒரு அம்புக்கு 2 உயிர் போகும், ஐம்பது அம்பு வேண்டும். தாக்குதலில் ஒன்றே ஒன்றைக் கூட்டுங்கள், அடி 3 ஆகிறது, முப்பத்து நான்கு அம்பு போதும். ஒரு எண் கூடினதற்கு வில்லாளியின் பலம் ஒன்றரை மடங்கு. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான், என் 41 பக்கத்தில் எத்தனை இடத்தில் கூசாமல் ஐந்தும் பத்தும் கூட்டியிருக்கிறேன் என்று உறைத்தது. யாராவது கேட்பதற்கு முன், எத்தனை அடியில் எது சாகும் என்ற கணக்கை, இப்போதைய எண்ணுக்கும் நீங்கள் சொல்லும் எண்ணுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாதி யோசனைகள் அங்கேயே உதிர்ந்துவிடும். உதிரட்டும், நல்லதுதான்.

பிறகு மூன்று மாதம் சோதனை. 3,500 ரூபாய்க்குக் கூடுதல் ரேம் வாங்கிப் போட்டேன். நாமே களம் அமைத்துப் பார்க்கும் சினாரியோ எடிட்டரில் இந்தப் பக்கம் இருபது யானை, அந்தப் பக்கம் நாற்பது ஈட்டிக்காரர்கள் என்று நிறுத்தி மோத விடுவேன். யானைகள் சாயச் சாய, சுற்றி நிற்கிற ஈட்டிக்காரர்கள் கொத்தாக விழுவார்கள். ஈட்டிக்காரனின் உயிர் 45தான், அடுத்தடுத்து இரண்டு யானை விழுந்தால் போதும். பார்க்கப் பார்க்க எனக்குப் புல்லரிக்கும். இரவு ஒன்று, இரண்டு மணி ஆகிவிடும். பக்கத்து அறையிலிருந்து அம்மா, "ஏன் சாமி, இந்நேரத்துக்கு யானை கத்துது, தூங்கலையா?" என்பார். அந்த மூன்று மாதமும் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நண்பன் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. ஏதோ ஒரு பெரிய காரியம் முடியப்போகிறது என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் தள்ளிப் போட்டேன். அதில் பணத்தைவிட இதுதான் இப்போது வலிக்கிறது.

சோதனை நன்றாக வந்த தெம்பில் எட்டுப் பேரை வைத்து ஒரு சிறு போட்டி நடத்தினேன். பரிசு 12,000 ரூபாய், என் பணம். குழுத்தலைவர், "முதல்ல நாலு பேர் சும்மா ஆடிப் பார்க்கட்டுமே" என்றார். நான் கேட்கவில்லை. முதல் நாள் நான்கு ஆட்டம். நான்கிலும் ஒரு யானைகூட வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் ஒருவர் ஆறு யானையைத் தன் ஈட்டிக்காரர்களுக்கு முன்னால் நடக்க விட்டார். எதிராளி வில்லாளிகளைத் தூர நிறுத்தி அம்பு விட்டார். யானைகள் மெதுவாக நடக்கின்றன, வில்லாளிகள் பின்வாங்கிக்கொண்டே அடிக்கிறார்கள். முதல் யானை சாய்ந்தது, அவருடைய ஈட்டிக்காரர்கள் மேலேயே. இரண்டாவதும் அப்படியே. எதிரிக்கு ஒரு கீறலும் இல்லை. அவர் சாட்டில் எதுவும் எழுதாமல் ஆட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார்.

அப்போது என் பக்கத்தில் சித்தி பையன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், பன்னிரண்டாம் வகுப்பு. அவன் கேட்டான், "அண்ணா, இது நம்ம ஆளையே கொல்லுதே. அப்புறம் எதுக்குண்ணா காசு போட்டு வாங்கறாங்க?" என் சோதனையில் இருந்த ஓட்டை அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது. எடிட்டரில் இருபது யானையை நானே நிறுத்தினேன். ஆட்டத்தில் அதை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது ஆடுகிறவன். ஈட்டிக்காரனுக்கு 35 உணவும் 25 மரமும் போதும், தங்கமே வேண்டாம். யானைக்கு அள்ளிக் கொடுக்க வேண்டும். அதுவும் மெதுவானது, துறவி ஒருவர் தூரத்தில் நின்று மந்திரம் சொன்னால் எதிரி பக்கம் போய்விடும். இத்தனை சங்கடத்துக்கு மேல் நான் இன்னொரு சங்கடத்தைத் திறன் என்ற பெயரில் ஏற்றிவிட்டேன். கிள்ளான்காரர் அன்றிரவு அழைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. 949-ல தக்கோலத்துல நடந்த போர்ல சோழ இளவரசர் ராஜாதித்தன் யானை மேலயே செத்தாரு. நூறு வருஷம் கழிச்சுக் கொப்பத்துல சோழ ராஜா ராஜாதிராஜனும் அப்படியே. ரெண்டு பேருக்கும் யானைமேல் துஞ்சியவர்னு பேரே இருக்கு. இவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சும் அவங்க யானையை விடல. ஏன் விடலன்னு உங்க திறன் சொல்லுதா?" நான் வெகுநேரம் பேசவில்லை. யானை திரும்பினால் என்ன ஆகும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அரசர்கள் அதை ஏன் முன்னால் நிறுத்தினார்கள் என்பதை விட்டுவிட்டேன். வரலாற்றுக்கு உண்மையாக இருக்கப் போய் களத்திலிருந்து யானையையே விரட்டிவிட்டேன்.

போட்டி அரையிறுதிக்கு வந்த வாரத்தில் மூல ஆட்டத்துக்குப் புதிய பேட்ச், அதாவது திருத்திய பதிப்பு வந்தது. எங்கள் மாடின் தரவுக் கோப்பு பழைய பதிப்பிலிருந்து எடுத்தது, புதியதோடு பொருந்தவில்லை. ஆடுகிறவர்கள் ஆட்டத்துக்கு முன் கூடும் லாபியில் சேர்ந்த உடனே ஆட்டம் உடைந்தது. போட்டியை நிறுத்திவிட்டுப் பரிசுப் பணத்தை மிச்சமிருந்த நான்கு பேருக்கும் 3,000 வீதம் பிரித்துக் கொடுத்தேன். அதைவிடப் பெரிய நஷ்டம், மூன்று மாதமாகச் சேர்த்த அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டப் பதிவுகள். பதிவு என்றால் வீடியோ என்று நினைத்திருந்தேன். அது வீடியோ இல்லை, யார் எப்போது எந்தக் கட்டளை கொடுத்தார்கள் என்ற குறிப்பு மட்டும்தான். திறக்கும்போது ஆட்டம் அந்தக் கட்டளைகளை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆடிக் காட்டுகிறது. எண்கள் மாறிவிட்டால் அது வேறு ஆட்டம். புதிய பதிப்பில் ஒன்றுகூட ஓடவில்லை. என் கையில் ஆதாரம் என்று ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சவில்லை. சோதனை செய்கிறவர்கள் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: பதிப்பு எண், யார் யார், எத்தனையாவது நிமிடம், என்ன வாங்கினார்கள், யார் வென்றார்கள். முக்கியமான சண்டையைத் திரையிலிருந்து வீடியோவாகப் பிடித்துவிடுங்கள். தரவுக் கோப்பில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாக ஒரு உரைக் கோப்பில், பழைய எண், புதிய எண் என்று வைத்திருங்கள். பேட்ச் வந்தால் புதிய கோப்பை எடுத்து அரை மணியில் மறுபடி ஏற்றிவிடலாம். எங்களிடம் அது இல்லாததால் கிள்ளான்காரர் இரண்டு வார இறுதி நாட்களைத் தொலைத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு மாதம் ஆட்டத்தைத் திறக்கவே இல்லை. குழுவின் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில், தம்பி எங்கள் மாடை ஆடிக்கொண்டிருந்தான். யானை இரண்டு வாங்கினான், பிறகு விட்டுவிட்டான். ஏன்டா என்றேன். "சண்டைக்குள்ள போறதுக்குள்ள நம்ம ஆளுங்க முன்னாடி போயிடறாங்கண்ணா. யானை பின்னாடியே வருது, சண்டையே முடிஞ்சிடுது." வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்து பார்த்தேன். எங்கள் மாடில் காலாளின் வேகம் 0.9, யானையின் வேகம் 0.85. இருவரையும் சேர்த்து அனுப்பினால் யானை எப்போதும் கடைசியில்தான் வரும். அடி வாங்க வேண்டியது அது, முன்னால் போய் வாங்குவது ஈட்டிக்காரன்.

இந்த முறை ஆறு வரிதான் எழுதினேன். யானையை யாரும் தொடர்ந்து வாங்குவதில்லை. காரணம், அது காலாட்படையோடு சேர்ந்து நடக்க முடியவில்லை. மதம் பிடிக்கும் திறனை நீக்கிவிடலாம். யானையின் வேகம் 0.85 என்பது 0.9 ஆகட்டும், வேறு எதையும் தொட வேண்டாம். பத்து ஆட்டம் ஆடிப் பார்ப்போம், யானை எத்தனை ஆட்டத்தில் வருகிறது என்று மட்டும் எண்ணுவோம். கூடாமல் போனால் பழைய எண்ணுக்கே திருப்பிவிடலாம். அனுப்பி ஒரு மணி நேரத்தில் தலைவர் பதில் போட்டார், "இன்னிக்கு ராத்திரியே போட்டுடறேன்." பத்து ஆட்டத்தில் ஆறில் யானை வந்தது. ஒரு ஆட்டத்தில் அது அதிக பலமாகத் தெரிந்ததால் விலையைக் கொஞ்சம் ஏற்றினார்கள், அது அவர்கள் முடிவு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மறு ஞாயிறு சித்தி வீட்டுக்குப் போனபோது தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். இருபத்தைந்தாவது நிமிடம் லாயத்தைத் திறந்தான். சுட்டி குதிரைக் குறிமேல் கொஞ்சம் நின்றது, நகர்ந்தது, யானைக் குறியை நான்கு முறை அழுத்தினான். ஈட்டிக்காரர்களையும் யானைகளையும் ஒன்றாகச் சுற்றிப் பிடித்து எதிரி மதில் பக்கம் அனுப்பினான். நான்கும் வரிசை கலையாமல், ஆட்களுக்கு நடுவில், அவர்களுக்குச் சமமாக நடந்து போயின.